கண்ணை மூடிய லேயர்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, “கரண்டு கம்மியா தம்பி?” என்று கேட்டார். கரண்ட் சரியாகத்தான் இருந்தது. மவுஸை இழுத்தால் இரண்டு நொடி கழித்துத்தான் பிரஷ் நகர்ந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது, ஏழு ஆல்பம் பாக்கி.

அவர் கேட்டு வந்தது சின்ன வேலை. நாலு வருஷம் முன்னால் அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். மேடையில் குடும்பத்தோடு நின்ற குரூப் போட்டோவில் அவருடைய அண்ணனும் நின்றார். ஆல்பம் அச்சுக்குப் போவதற்குள் கிணற்றுத் தண்ணீர் முறையில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. கோவிலூர்ப் பக்கம் காடு, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். “அவர் மூஞ்சி என் ஆல்பத்துல வேணாம், எடுத்துருங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்துக் கொடுத்தேன். பின்னால் இருந்த மேடை அலங்காரத்தை இழுத்து, மஞ்சள் செவ்வந்தித் தோரணத்தால் அந்த இடத்தை நிரப்பினேன். இப்போது அதே மனிதர் வந்து, “அண்ணனைத் திரும்பச் சேர்க்க முடியுமா?” என்று கேட்கிறார்.

பழைய ஃபைலைத் திறந்தேன். அங்கேதான் சிஸ்டம் நின்றுபோனது.

குஜிலியம்பாறையில் நான் ஸ்டூடியோ போட்டது 1998இல். அதற்கு முன் திண்டுக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் ரீடச்சிங் கற்றுக்கொண்டேன். நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே கருவளையத்தையும் நிரப்புவோம். நெகட்டிவில் வெளுப்பாக இருக்கிற இடம்தான் படத்தில் கறுப்பாக விழும். அதனால் எல்லாவற்றையும் தலைகீழாகவே யோசிக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தி மருந்துப் பக்கம் கீறல் விழுந்தால் அவ்வளவுதான், அந்த முகம் போனது போனதுதான். குரு பக்கத்தில் நிற்கும்போது மூச்சைக்கூட அடக்கித்தான் விடுவேன்.

அமெரிக்காவில் நோல் சகோதரர்கள் எழுதிய போட்டோஷாப் 1990இல் கடைக்கு வந்தது. 1994இல் வந்த மூன்றாவது பதிப்பில், படத்தின் பகுதிகளைத் தனித்தனித் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் வந்தது. நான் கடை திறந்த அதே 1998இல் வந்த ஐந்தாவது பதிப்பில் ஹிஸ்டரி வந்தது. அதற்கு முன் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும். இப்போது வேண்டுமென்றால் ஆயிரம் படிவரை வைத்துக்கொள்ளலாம். பென்சிலில் வளர்ந்த எனக்கு இது தெய்வம் கொடுத்த வரமாகவே தெரிந்தது. பிழையை நூலைப் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டே பழைய இடத்துக்கு வந்துவிடலாம். பயத்தில் நான் அந்த எண்ணை 300 என்று வைத்திருந்தேன்.

சிஸ்டம் ஏன் இழுக்கிறது என்று அன்றைக்கு நானே பார்த்தேன். விண்டோவின் அடியில் எஃபிஷியன்சி என்று ஒரு எண் காட்ட வைக்கலாம். நூறு சதவீதம் இருந்தால் வேலை முழுவதும் ரேமிலேயே நடக்கிறது என்று பொருள். குறைந்தால், ரேம் போதாமல் போட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கை எழுது பலகையாகப் பிடித்துக்கொண்டது என்று பொருள். அதற்குத்தான் ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெயர். டிஸ்க் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்கு ஈடாகாது. என் திரையில் எண் 41 காட்டியது. ரேம் 8 ஜிபி. ஸ்கிராட்ச் டிஸ்க்காக இருந்த சி டிரைவில் மிச்சம் 3 ஜிபி.

நாங்கள் செய்கிற 12க்கு 36 ஆல்பத்தில் ஒரு விரிப்பு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3,600க்கு 10,800 புள்ளி. மொத்தம் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். முழுசாக நிரம்பிய ஒரே ஒரு லேயர் மட்டும் 110 எம்பிக்கு மேல் போய்விடும். அந்த ஃபைலில் 64 லேயர். எல்லாமே முழு விரிப்பை நிரப்பியவை அல்ல, ஆனாலும் பாரம் பாரம்தான். இதற்கு மேல், முழுப் படத்தையும் தொடுகிற ஃபில்டரை ஒவ்வொரு முறை போடும்போதும், பழைய படத்தை ஹிஸ்டரி தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது, நான் திரும்பி வரலாம் என்று.

ஹிஸ்டரியை 30 ஆக்கினேன். ஸ்கிராட்ச் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றினேன். பிரவுசரை மூடினேன். வேண்டாத ஃபாண்ட்டுகளை எடுத்தேன். சேர்த்து வைத்த ஹிஸ்டரியைக் காலி செய்யும் பர்ஜ் கொடுக்கப் போனபோது, இதைத் திரும்பப் பெற முடியாது என்று எச்சரிக்கை வந்தது. கொடுத்தேன். எண் 41இலிருந்து ஏறி 70ஐத் தாண்டியது, ஆனால் நூறைத் தொடவில்லை.

அப்புறம்தான் லேயர் வரிசையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். கண் அடையாளம் அணைந்த லேயர்கள் பத்தொன்பது. பிடிக்காத பின்னணி, மாற்றிய சேலை நிறம், வாடிக்கையாளர் வேண்டாம் என்ற டிசைன். எதையும் அழிக்கவில்லை. கண்ணை மட்டும் மூடி வைத்திருக்கிறேன். திரையில் தெரியாது. ஆனால் ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அத்தனையும் கூடவே எழுந்து வந்து இடம் பிடித்துக்கொள்கின்றன. பதினாறாவதில் அந்த அண்ணன் நின்றார், கதர்ச் சட்டை, கையில் மஞ்சள் பை.

காத்திருந்த நேரத்தில் தம்பிக்காரர் தானாகவே பேசினார். “பொறுத்துக்கிட்டேன் தம்பி. நாலு வருஷமும் ஒரு வார்த்தை தப்பாப் பேசல. ஆனா மனசுல இருந்துச்சு. ராத்திரி மோட்டார் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துருவேன்.”

எனக்குப் பொறையுடைமை அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. பிறர் செய்த தீங்கைத் தாங்கிக்கொள்ளச் சொல்லும் வள்ளுவர், அடுத்த மூச்சிலேயே, அதை நினைவிலிருந்தே விட்டுவிடுவது இன்னும் மேல் என்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு இதில் சந்தேகம் இருந்தது. நினைவு வைத்துக்கொண்டே பழிவாங்காமல் இருப்பவன்தானே பெரியவன்? மறந்துபோனவனுக்கு அதில் என்ன முயற்சி? இந்தக் கேள்வியை முப்பத்தைந்து வருஷம் சுமந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் விளங்கியது. பொறுத்தல் என்பது லேயரின் கண்ணை மூடுவது. வெளியே ஒன்றும் தெரியாது, பார்ப்பவர்கள் நல்ல மனிதர் என்பார்கள். ஆனால் உள்ளே பாரம் அப்படியே. அந்தப் பாரத்தோடுதான் மறுநாள் உழவும் விதைப்பும் பேத்தியைக் கொஞ்சுவதும் நடக்க வேண்டும். மோட்டார் சத்தத்துக்கு எழுந்து உட்காரும் உடம்பு எந்த வேலையையும் முழுசாகச் செய்யாது. வள்ளுவர் தீங்கிழைத்தவனுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை, சுமக்கிறவனுக்காகவும்தான் சொல்லியிருக்கிறார் என்று நம்புகிறேன்.

ஆனால் இதோடு விட முடியவில்லை. நான் அன்றைக்கே அந்த லேயரை அழித்திருந்தால்? அண்ணன் போயிருப்பார். இன்றைக்கு இவர் கேட்டு வந்தபோது என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. அப்படியானால் மறைத்து வைத்ததும் நல்லதுதானே?

சைவத்தில் இறைவனுடைய தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றோடு மறைத்தலும் அருளலும் உண்டு. நடராசர் திருமேனியில் ஊன்றிய பாதம் மறைத்தலுக்கும், தூக்கிய பாதம் அருளலுக்கும் உரியவை என்று ‘உண்மை விளக்கம்’ என்ற நூல் விரிக்கிறது. மறைத்தல் ஏன் கடவுளின் தொழிலாக இருக்க வேண்டும் என்று சொற்பொழிவு கேட்கும்போதெல்லாம் யோசிப்பேன். உயிர் பக்குவப்படும்வரை உண்மையை மறைத்து வைத்து, வினையை அனுபவிக்க விட்டு, பிறகு அருள்வது. ஆக மறைத்தலுக்குக் காலம் உண்டு. அது பழுக்க வைக்கிற வைக்கோல் மாதிரி. காலம் கடந்தும் வைக்கோலுக்குள்ளேயே கிடந்தால் பழம் அழுகும்.

வள்ளுவர் இன்னொரு இடத்தில், செய்ந்நன்றியறிதலில், இதைப் பிரித்தே காட்டியிருக்கிறார். ஒருவர் செய்த உதவியை ஒருநாளும் விடக் கூடாது, செய்த தீமையை அன்றைக்கே விட்டுவிட வேண்டும். ஒரே மனிதர், அவர் செய்ததில் ஒன்றை வைத்துக்கொள், ஒன்றைக் கீழே போடு என்கிறார். நாமோ கோபம் வந்தால் மனிதரையே வெட்டி எடுத்துவிடுகிறோம். நான் தோரணத்தால் நிரப்பிய இடம் அதுதான். போக வேண்டியது கிணற்றுச் சண்டை, போனது அண்ணன்.

“எப்படிண்ணே சேந்தீங்க?” என்று கேட்டேன்.

“கிணறு வத்திருச்சு. ரெண்டு பேரும் போய்க் குனிஞ்சு பாத்தோம். அடியில ஒரு தவளை. அண்ணன், போர் போடலாமாடானு கேட்டாரு.”

பதினாறாவது லேயரின் கண்ணைத் திறந்தேன். அண்ணன் வந்து நின்றார். தோரண லேயரை அழித்தேன், மற்ற பதினெட்டையும் அழித்தேன். எண் நூறு காட்டியது. தம்பிக்காரர் திரைக்குப் பக்கத்தில் வந்து, அண்ணன் முகத்தைத் தொடாமல் விரலை மட்டும் அதன் மேலே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “பை அப்படியே இருக்கட்டும், அதுலதான் மொய்க்கவரு வச்சிருந்தாரு” என்றார்.

எனக்கும் ஒன்று இருக்கிறது. 1998இல் நானும் ஒரு நண்பரும் சேர்ந்துதான் கடை போட்டோம். 2003இல் மூன்று முகூர்த்தத்தின் அட்வான்ஸோடு பிரிந்து போனார். எல்லோரிடமும் பொறுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேடசந்தூரில் அவர் கடை இருக்கிற பக்கம் பஸ்ஸில் நான் உட்கார்ந்ததே இல்லை. பென்சிலை எப்படிச் சீவுவது என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

போன வெள்ளிக்கிழமை ஆல்பம் பேப்பர் வாங்கத் திண்டுக்கல் போனேன். வேடசந்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில், அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கடையில் ஷட்டர் போட்டிருந்தது. முகூர்த்த நாள், எங்கேயாவது மண்டபத்தில் இருந்திருப்பார்.