சீமைக்கருவேல் அடுக்கு

சவுக்கு விறகை யார் வேண்டுமானாலும் அடுக்கிவிடலாம். ஒரே பருமன், ஒரே நேர். போட்ட இடத்தில் கிடக்கும். எங்கள் இராமநாதபுரப் பக்கம் எரிப்பது சீமைக்கருவேல். 1870களில் சென்னை மாகாணத்துக்கு வந்துசேர்ந்த மரம். வளையாத கட்டை அபூர்வம். முள் வேறு, தைத்தால் இரவெல்லாம் கடுக்கும்.

*

தரையில் இரண்டு கல்தூண் துண்டுகளை நீளவாக்கில் போட்டு, அதன்மேல்தான் முதல் வரிசை. அடியில் காற்று போகும், கரையானும் சட்டென்று ஏறாது. சுவரில் சார்த்தி அடுக்குவது சுலபம். எனக்குப் பிடிப்பதில்லை. அது அடுக்கல்ல, சாய்த்து வைத்தது.

சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வந்தால் பாரமெல்லாம் இரண்டு முனைகளுக்குப் போகிறது. அங்கே ஒரு வரிசை நெடுக்கு, அடுத்தது குறுக்கு என்று மாற்றி மாற்றித் தூணாக எழுப்ப வேண்டும். பிளந்த, தட்டை முகமுள்ள கட்டைகள் எல்லாம் அதற்கே. உருண்டைகள் நடுவில்.

*

கோணல் கட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். வளைவின் முதுகு கீழே போனால் ஆடுகிறது. முதுகை மேலே வைத்தால் இரு நுனிகளும் ஊன்றிக்கொள்கின்றன. அதே வளைவில் இன்னொன்று அகப்பட்டால் அதன்மேல் கச்சிதமாகக் கவிழ்கிறது. அந்த இன்னொன்றைத் தேடுவதில் காலை போய்விடும். போகட்டும்.

*

விறகு காயும்போது நீளத்தில் அநேகமாகக் குறைவதில்லை, பருமனில் சுருங்கும். அதனால் அடுக்கு உட்காரும். வெயில் விழும் பக்கம் முந்திக் காய்வதால் அந்தப் பக்கமே சாயும். நேரான சவுக்கு நன்றாகவே சுருங்குகிற மரம். தைலமரம் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அவற்றை அடுக்கும்போதே எதிர்ப்பக்கம் ஒரு விரற்கடை சாய்வு கொடுப்பது நல்லது. சீமைக்கருவேலுக்கு அது வேண்டாம். காய்ந்தாலும் அதிகம் சுருங்காது.

*

ஐப்பசி மழைக்குத் தகரம் மேலே மட்டும். பக்கங்களையும் தார்ப்பாயால் மூடினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும்.

உருவுவதென்றால் மேல் வரிசையிலிருந்து. அவசரத்துக்கு முனையில் கை வைக்கிற ஆள் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கிருந்து எடுத்தாலும் முதலில் கம்பால் இரண்டு தட்டு. தேள் இருக்கும்.