நன்றியுரையில் ஒரு வரி

2020 மார்ச் 24 இரவு பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தபோது, என் சித்தி மகள் வட இந்தியாவில் ஒரு பல்கலைக்கழக லேபில் ஈக்களுக்குச் சோறு மாற்றிக்கொண்டிருந்தாள். சோறு என்றுதான் அவள் சொல்வாள். சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் போட்டுக் காய்ச்சி, கண்ணாடிக் குப்பிகளின் அடியில் ஊற்றி ஆறவைத்த கூழ் அது. மரபியல் ஆராய்ச்சியில் நூறு வருடங்களுக்கும் மேலாகப் பழ ஈக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. பாக்டீரியாவைப் போல உறையவைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கும் ஈக்களைப் பழைய குப்பியிலிருந்து புதுக் குப்பிக்கு யாராவது தட்டி மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு மரபுவழி அறுந்துபோகும். சில வழிகளை உருவாக்க ஒருத்தருக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லி ஒரு வாரம் முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டது. இவள் மட்டும் போகவில்லை. ஈக்களுக்காக ஒருத்தர் இருக்க வேண்டுமே. லேபுக்குப் போய்வர நிர்வாகம் ஒரு பாஸ் கொடுத்தது. அதன் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். பெயர், புகைப்படம், கீழே பெரிய எழுத்தில் 'அத்தியாவசியப் பணியாளர்'.

"பாத்தீங்களாண்ணா, அஞ்சு வருஷத்துல மொத தடவ என்னைப் பணியாளர்னு எழுதியிருக்காங்க" என்றாள். சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது.

ஏப்ரலில் ஃபெல்லோஷிப் வரவில்லை. மேயிலும் இல்லை. ஜூனிலும் இல்லை. அப்போது அவள் சீனியர் ரிசர்ச் ஃபெல்லோ, மாதம் 35,000 ரூபாய். இந்தத் தொகை 2019 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் 28,000. நாடு முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் நின்று போராடித்தான் அந்த உயர்வும் கிடைத்தது. பணம் மாதாமாதம் வராமல் தேங்கித் தேங்கி மொத்தமாக வருவது பெருந்தொற்றுக்கு முன்பும் வழக்கம்தான். ஆனால் முன்பு கைமாற்று வாங்கச் சக மாணவர்கள் இருந்தார்கள், மெஸ்ஸில் கணக்கு இருந்தது. இப்போது வளாகமே காலி. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டால் ஒரே பதில்: "நீங்க ஸ்டூடன்ட். பணம் எங்க பொறுப்பு இல்ல, மேலேருந்து வரணும்." ஈக்களைக் கேட்டால் பணியாளர், காசைக் கேட்டால் மாணவி.

அதே நாட்களில் நான் பெங்களூரில் என் ஃப்ளாட்டின் பால்கனியோரம் உட்கார்ந்து கோட் எழுதிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்ய நாற்காலி வாங்கிக்கொள்ளச் சொல்லி கம்பெனி தனியாக ஒரு தொகை கொடுத்தது. முதுகு வலிக்காத நல்ல நாற்காலி. இந்தக் கட்டுரையும் அதில் உட்கார்ந்துதான் எழுதப்படுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோடையில் இந்த நாட்டில் லட்சக்கணக்கான மனிதர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவியின் மூன்று மாத உதவித்தொகை என்ன பெரிய விஷயம்? அவளே இதைச் சொன்னாள். "நமக்குக் கூரை இருக்குண்ணா, இதைப் பேசறதுக்கே கூச்சமா இருக்கு." நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தோன்றியது: இந்தக் கூச்சத்தை நம்பித்தான் பல நிறுவனங்கள் நடக்கின்றன. உன்னைவிட மோசமான நிலையில் ஒருவன் இருக்கிறான் என்பது, எனக்கு உன்னிடம் உள்ள பொறுப்பை எப்படிக் குறைக்கும்? நெடுஞ்சாலையில் நடந்தவருக்கு ஒரு கடன் பாக்கி, இவளுக்கு ஒரு கடன் பாக்கி. இரண்டையும் ஒரே தராசில் போட்டு ஒன்றால் மற்றதைக் கழிப்பது கணக்கே இல்லை.

ஜூடித் ஷ்க்ளார் என்ற அரசியல் தத்துவவாதி 1990இல் 'அநீதியின் முகங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். ஒரு பேரிடர் எப்போது வெறும் துரதிர்ஷ்டம், எப்போது அநீதி என்பதுதான் அதன் கேள்வி. இரண்டுக்கும் நடுவே இயற்கை போட்டுவைத்த கோடு எதுவுமில்லை, அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதே ஓர் அரசியல் தீர்மானம் என்பது அவர் வாதம். தடுக்க முடிந்தவர்கள் தடுக்காமல் இருப்பதையும் அவர் அநீதி என்றே சேர்க்கிறார். வைரஸ் வந்தது துரதிர்ஷ்டம். லேப் மூடியது, பாதிச் சோதனைகள் பாழானது, சோளமாவு கிடைக்காமல் முப்பது குப்பி ஈக்கள் செத்தது எல்லாமே துரதிர்ஷ்டத்தின் கணக்கில் போகட்டும். அந்த இழப்பை யார் தாங்குவது என்ற கேள்விக்கு 'அதில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர்' என்று விடை வந்தால், அது வைரஸ் எடுத்த முடிவு இல்லை.

2020 ஏப்ரல் கடைசியில் யு.ஜி.சி. தேர்வுகள் குறித்த வழிகாட்டுதலை வெளியிட்டது. எம்.ஃபில், பிஎச்.டி மாணவர்களுக்கு ஆறு மாத நீட்டிப்பு தரலாம், வாய்மொழித் தேர்வைக் காணொளியில் நடத்தலாம் என்று அதில் இருந்தது. அன்று இரவே அவள் கூப்பிட்டாள். "ஆறு மாசம் குடுத்துட்டாங்கண்ணா!" குரலில் அவ்வளவு நிம்மதி. நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு பத்து நிமிஷம் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். "ஆமா, ஆகஸ்டோட அஞ்சு வருஷம் முடிஞ்சிருதே. அதுக்கப்புறம் சாப்பாட்டுக்கு?"

அதுதான் விஷயம். நீட்டிப்பு அதன்பின் பலமுறை தொடர்ந்தது. ஆனால் ஃபெல்லோஷிப் காலம் ஐந்து ஆண்டுகள்தான் என்பதையும் அந்த அறிவிப்புகள் தெளிவாகவே சொல்லிவிட்டன. காலம் கிடைத்தது, அந்தக் காலத்தில் வாழ்வதற்கான பணம் கிடைக்கவில்லை. வீட்டில் வசதி இருப்பவருக்கு ஆறு மாதம் என்பது ஆறு மாதம். வசதி இல்லாதவருக்கு அது கடன். நெட் தேர்வு எழுதாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய்தான், அதுவும் நின்றுபோனால் ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரே அறிவிப்பு, எல்லாருக்கும் சமமாக. அதன் எடை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

பணக்கார நாடுகளில் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. பிரிட்டனில் யு.கே.ஆர்.ஐ. அமைப்பு, இறுதியாண்டு ஆய்வு மாணவர்களுக்கு ஆறு மாதம் வரை உதவித்தொகையோடு சேர்த்தே நீட்டிப்பு தந்தது. நல்ல விஷயம். ஆனால் நவம்பரில், மற்ற மாணவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆய்வுத் திட்டத்தையே மாற்றிச் சுருக்கி, இருக்கிற காலத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் கேர்ஸ் சட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு அவசர உதவி ஒதுக்கியபோது, கல்வித்துறையின் விதிமுறை வெளிநாட்டு மாணவர்களை வெளியே நிறுத்தியது. என் கல்லூரி நண்பர்கள் சிலர் அங்கே பிஎச்.டி செய்துகொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு 2020 ஜூலை 6 அன்று, முழுக்க ஆன்லைனில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் இருக்கக் கூடாது என்று ஒரு அறிவிப்பு. இரண்டே நாளில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குப் போட்டன, 14ஆம் தேதி அரசு பின்வாங்கியது. ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவனுக்காக அரசோடு மல்லுக்கு நிற்கும் என்பதை நான் அந்த வாரம்தான் பார்த்தேன். கட்டண வருமானமும் ஒரு காரணம் என்று நண்பன் சொன்னான். இருக்கட்டுமே. ஒருவரின் நலனும் கடமையும் ஒரே பக்கம் நிற்பதில் என்ன தப்பு?

அங்கே ஆய்வு மாணவர் தொழிலாளியா என்பது நீதிமன்றம், வாரியம் என்று வெளிப்படையாகச் சண்டை போடப்படும் கேள்வி. 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியம், கற்பித்தல் உதவியாளர்களாகவும் ஆய்வு உதவியாளர்களாகவும் இருக்கும் மாணவர்கள் தொழிலாளர்கள்தான் என்றது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டாலே 'குரு சிஷ்ய உறவை வியாபாரம் ஆக்குறீங்களா' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

"பல்கலைக்கழகத்திடம் பணமே இல்லை, அதைப் போய்க் கேட்டு என்ன?" என்று ஒரு நண்பர் வாதிட்டார். நியாயமான கேள்வி. பேராசிரியர்களுக்கே சம்பளம் தள்ளிப்போகும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. முடியாததைச் செய்யும் கடமை யாருக்கும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிந்தவை எத்தனை இருந்தன? அந்தப் பருவத்துக்கு அவளிடம் நூலகக் கட்டணமும் விளையாட்டுக் கட்டணமும் வாங்கினார்கள். நூலகத்துக்குப் பூட்டு. மைதானத்தில் மாடு மேய்ந்தது. தாமதக் கட்டணம் 500 ரூபாய் தனி. 'உங்கள் பணம் இந்த மேசையில் இந்தக் காரணத்தால் நிற்கிறது' என்று ஒரு மின்னஞ்சல் போட எவ்வளவு செலவாகும்? இல்லாததைத் தர முடியாது. இருப்பதைச் சொல்லலாம், எழுத்தில்.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது அவளுடைய கைடு. வயதான மனிதர், கோபக்காரர், லேபில் யாராவது குப்பிக்கு லேபிள் ஒட்டாமல் விட்டால் அன்றைக்கு இடிதான். அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து மூன்று மாதம் ஆளுக்கு 15,000 ரூபாய் நான்கு மாணவர்களுக்கு அனுப்பினார். திருப்பித் தருகிறோம் என்றதற்குத் திட்டினாராம். ஆகஸ்டுக்குப் பிறகும் அவ்வப்போது ஏதோ ஒரு திட்டத்தில் பெயரைச் சேர்த்துக் கொஞ்சம் பணம் வரவைத்தார்.

இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது, அந்த நல்ல மனிதரின் செயலில்தான் இந்தக் கேள்வியின் முடிச்சே இருக்கிறது என்று படுகிறது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஒரு அதிகாரமும் அதற்கு அடுத்தே ஈகை என்று இன்னொரு அதிகாரமும் வைத்திருக்கிறார். பள்ளியில் இரண்டுமே 'கொடுப்பது பற்றி' என்று மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒன்று போதாதா, ஏன் இரண்டு? ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவோ, ஊரோடு சேர்ந்து வாழ்பவன் செய்தே ஆக வேண்டிய கடப்பாடு, கைம்மாறு எதிர்பார்க்காதது. அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். கைடு செய்தது ஈகை. பல்கலைக்கழகம் செய்யாமல் விட்டது ஒப்புரவு. முதலாவது இரண்டாவதை மூடி மறைத்துவிட்டது. நான்கு பேர் பட்டினி கிடக்கவில்லை, ஆகவே நிர்வாகத்தின் ஏட்டில் பிரச்சினையும் இல்லை.

அதோடு முடியவில்லை. சம்பளத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, நாற்காலிக்காக என் மேனேஜருக்கு நான் கடமைப்பட்டதாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஈகைக்கு நன்றிக்கடன் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு, இன்னொரு மாணவனின் கட்டுரைக்காகச் சில சோதனைகளைச் செய்துதரச் சொன்னார் கைடு. சம்பளம் இல்லை. ஐந்து மாதம் செய்தாள். வெளிநாட்டில் கிடைத்த போஸ்ட்டாக் ஒன்றைத் தள்ளிப்போட்டாள், பிறகு அது போய்விட்டது. "அவர்கிட்ட எப்படிண்ணா முடியாதுன்னு சொல்றது?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பழைய உதவியை ஒரு சொல்லாலும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்த அவசியமும் இல்லை. அவளுக்கு உரிமையாக வர வேண்டிய பணம் ஒரு மனிதரின் கருணையாக வந்தது, அதற்கான வட்டியை அவள் ஐந்து மாத உழைப்பில் கட்டினாள்.

இப்படி எழுதும்போது, எல்லாவற்றையும் ஒப்பந்தமாக்கிவிட்டால் போதும் என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. எனக்கு நாற்காலி தந்த அதே கம்பெனி, அதே ஜூன் மாதம், என் டீமில் மூன்று பேரை ஒரு வீடியோ காலில் வீட்டுக்கு அனுப்பியது. நோட்டீஸ் காலப் பணம் பைசா குறையாமல் வந்தது. ஒப்பந்தப்படி எல்லாம் சரி. அதில் ஒருவனின் அப்பா அப்போது ஐ.சி.யூ.வில் இருந்தார், யாரும் அவனுக்கு ஃபோன் செய்யவில்லை. நான் உட்பட. கைடோ தினமும் இரவு ஒன்பது மணிக்கு நான்கு பேருக்கும் ஃபோன் போட்டு, "சாப்டாச்சா, குப்பி மாத்தியாச்சா" என்று கேட்டிருக்கிறார். தனி ஆளாக அந்தக் காலி வளாகத்தில் அவள் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்த ஃபோன்தான் காரணம் என்கிறாள். எந்த ஒப்பந்தத்தில் அதை எழுதுவது? எழுதினால் அது அதுவாக இருக்குமா? பணம் உரிமையாக வந்திருந்து, அந்த ஃபோன் மட்டும் அன்பாக வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அவருக்கும் அது லேசாக இருந்திருக்கும். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது என்று பின்னால் தெரிந்தது.

2021 நவம்பரில் ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தை, பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினாள். கைடு, லேப் நண்பர்கள், இரவில் கேட் திறந்துவிட்ட வாட்ச்மேன், அவளுக்கு மட்டும் ரொட்டி சுட்டுக்கொடுத்த மெஸ் சமையல்காரர், சித்தி, சித்தப்பா, நான், கடைசியில் ஈக்கள். முதல் பத்தியில் மட்டும், தேவையான வசதிகளையும் நிதியுதவியையும் வழங்கிய பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு மனமார்ந்த நன்றி என்று ஒரு வரி.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஃபார்மேட்ல இருக்குண்ணா. எடுத்தா திருப்பி அனுப்பிருவாங்க."