குளம் பிறக்கட்டும்

டிக் வெல்டிங் பழக வருபவர்கள் முதல் நாளே ஃபில்லர் கம்பியைத் தேடுகிறார்கள். வேண்டாம். சில நாட்களுக்கு டார்ச் மட்டும் போதும்.

3 மி.மீ. மைல்டு ஸ்டீல் (எம்.எஸ்.) தகடு ஒன்றை எடுத்து, மேலே படிந்திருக்கும் கருஞ்சாம்பல் செதிலைக் கிரைண்டரால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். துருவும் எண்ணெயும் மிச்சமிருந்தால் ஆர்கான் வாயு எவ்வளவு பாய்ந்தும் பயனில்லை. வெல்டில் பொத்தல் விழும். டார்ச் மைனஸில் இருக்கட்டும். மின்னோட்டம் 100 ஆம்பியர் அளவில் வையுங்கள். டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடைவெளி 2, 3 மி.மீ. கை நடுங்கினால் மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ளலாம்.

சில நொடிகளில் இரும்பு வியர்த்தாற்போல் மினுமினுத்து, சின்னக் குளமாக உருகும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. குளத்தின் விளிம்பிலேயே கண் இருக்கட்டும்: அகன்று கொண்டே போனால் வேகமாக நகருங்கள், சுருங்கினால் சற்று நில்லுங்கள்.

டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனாலும் முனை ஒருமுறை குளத்தைத் தொட்டுவிட்டால் இரும்பு ஒட்டிக்கொண்டு ஆர்க் அலைபாயும். அப்படியே ஓட்டாதீர்கள், நிறுத்தி, முனையை நீளவாக்கில் தீட்டிக்கொண்டு வாருங்கள். முடிக்கும் இடத்திலும் வாயு நிற்கும்வரை டார்ச்சை விலக்க வேண்டாம்.

குளம் உங்கள் சொல் கேட்கத் தொடங்கியதும் கம்பியை எடுங்கள். ஹெல்மெட் போடாமல் ஆர்க்கின் ஒளியை ஒரு நொடிகூடப் பார்க்காதீர்கள்.