தாங்கப் பழக்குவதா, சுமையைக் குறைப்பதா?

பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் பயிற்சி என்றால் முன்பெல்லாம் பாடம் சார்ந்த பயிற்சி என்றுதான் பொருள். இன்று மன அழுத்தத்தைக் கையாளுதல், யோகா, நேரத் திட்டமிடல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஊழியரின் உடலும் மனமும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் நினைப்பதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அந்த நல்லெண்ணத்தோடு ஓர் அறக்கேள்வியும் சேர்ந்தே வருகிறது. ஊழியரை வருத்தும் காரணங்களில் பல நிறுவனத்தின் கையிலேயே இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, பொறுத்துக்கொள்ளும் திறனை மட்டும் அவருக்குக் கற்றுக்கொடுப்பது நேர்மையாகுமா?

விடை தேடுமுன் இந்தியாவில் இந்தப் பயிற்சிகள் எதற்காக வந்தன என்று பார்க்க வேண்டும். பள்ளியில் பாடம் நடத்துகிறவர் கல்வியியல் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்துகிறவருக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் முனைவர் பட்டமும் பாட அறிவுக்குச் சான்று தரும். அறுபது மாணவர்கள் முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது என்பதை அவரவர் தட்டுத்தடுமாறித்தான் கற்க வேண்டியிருந்தது. இந்தக் குறையை நீக்கவே, 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் அவை அமைந்தன. 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாறின. 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இன்று இயங்குகின்றன.

இவற்றால் விளைந்த நன்மை சிறிதல்ல. ஒரு சிற்றூர்க் கல்லூரியில் தன் துறையில் தனி ஆளாகப் பணியாற்றும் ஒருவர், அதே பாடத்தை வேறு ஊர்களில் நடத்துகிறவர்களோடு இரண்டு மூன்று வாரங்கள் உட்கார்ந்து பேசுவது பெரிய வாய்ப்பு. புதிய நூல்கள் தெரியவரும்; கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகங்கள் தீரும். ஆண்டுக்கணக்கில் ஒரே குறிப்பேட்டை வைத்து நடத்திய பாடம் மாறும். கற்பிக்கிறவர் தானும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கடமைக்கு நிறுவனம் செய்து தரும் ஏற்பாடு இது.

பிறகு இந்த ஏற்பாடு பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டது. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குச் செல்ல 21 நாள் அறிமுகப் பயிற்சியும், ஒரு புத்தொளிப் பயிற்சியோ அதற்கு மாற்றாக ஏற்கப்படும் ஒன்றோ முடித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு பயன் இருக்கட்டும் என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் கற்றல் எப்போது தகுதிப் பட்டியலின் ஒரு வரியாகிறதோ, அப்போது சான்றிதழ் முன்னுக்கு வந்து கற்றல் பின்னுக்குப் போகிறது. முன்பும் இப்படி நடந்தது: மானியக் குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட்டன. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகின. அவற்றைக் களைய மானியக் குழுவே பின்னர் ஆய்விதழ்ப் பட்டியல்களை வெளியிட வேண்டியதாயிற்று. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். நலப் பயிலரங்குகளும் அந்த வழியில் போனால், 'மனநலப் பயிற்சி: ஆண்டுக்கு நான்கு' என்று அறிக்கையில் ஒரு வரி சேரும். யாருடைய மனமும் அதனால் இலகுவாகாது.

இதைவிடப் பெரிய அநீதி, பயிற்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியது. தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் பணியாற்றுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம். அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்குத்தான். அதே 2018 விதிமுறைகள், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. பதவி உயர்வோடு பிணைந்த பயிற்சியில் பதவி உயர்வே இல்லாதவருக்கு என்ன இடம் இருக்க முடியும்? மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பிற தற்காலிக ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் அந்த நாள்களின் வருமானத்தையே இழக்கிறார். ஆக, பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு அது மிகவும் தொலைவில் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முதலாண்டு மாணவிக்கோ, தனக்குப் பாடம் நடத்துகிறவர் நிரந்தரப் பணியாளரா, கௌரவ விரிவுரையாளரா என்பது ஒரு பொருட்டே அல்ல. நல்ல பாடத்தைப் பெற அவளுக்கு உள்ள உரிமை, ஆசிரியரின் நியமன ஆணையைப் பார்த்துக் கூடவோ குறையவோ செய்யாது.

ஆசிரியரல்லாத ஊழியர்களின் நிலை இன்னும் கவனிக்கப்படாதது. தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பதிவு ஏட்டிலிருந்து கணினிக்கு மாறும்போது, எழுத்தர்களுக்கு அரைநாள் செய்முறை விளக்கம் காட்டிவிட்டு மறுநாளே பிழையில்லாத வேலையை எதிர்பார்ப்பது எத்தனையோ அலுவலகங்களில் நடப்பது. பிழை நேர்ந்தால் விளக்கம் கேட்கும் குறிப்பாணை அவர்கள் மேசைக்கு வரும். அமிலப் புட்டிகளை அன்றாடம் எடுத்து வைக்கும் ஆய்வக உதவியாளருக்குப் பயிற்சி என்பது உயிர்ப் பாதுகாப்பு. அவரை விட்டுவிட்டுப் பேராசிரியர்களுக்கு மட்டும் நடத்தப்படும் பணி மேம்பாடு, நிறுவனத்தில் யாருடைய உழைப்பு மதிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே அறிவித்துவிடுகிறது.

இனி நலத்துக்கு வருவோம். வேலை எப்படி உடலைத் தேய்க்கிறது என்பதற்கு வலுவான சான்று லண்டனில் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வுகள். 1967-இல் தொடங்கிய முதல் ஆய்வில், பணிப் படிநிலையில் கீழே போகப்போக இறப்பு விகிதம் கூடுவது தெரிந்தது. அவர்கள் வறியவர்கள் அல்லர். எல்லாரும் அரசு அலுவலர்கள். புகை, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்த பிறகும் வேறுபாடு முழுவதும் மறையவில்லை. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாம் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தன் வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல், பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்று அந்த வரையறையே சொல்கிறது.

அப்படியானால் தனிமனிதருக்குத் தரப்படும் நலப் பயிற்சிகள் என்ன செய்கின்றன? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விடைகளைப் பரிசீலித்தது. மனவலிமைப் பயிற்சி, அழுத்த மேலாண்மை வகுப்பு, நலச் செயலி முதலியவற்றில் பங்கெடுத்தவர்கள், பங்கெடுக்காதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டுப் பணிகளில் ஈடுபட்டவர்கள் மட்டும் விலக்கு. ஒரே காலப் புள்ளியில் எடுத்த கணக்கு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் வகுப்பு நடத்தியதையே நலம் தந்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளும் நிர்வாகங்களை இது யோசிக்க வைக்க வேண்டும்.

மறுபக்க வாதங்களையும் நியாயமாக எடைபோட வேண்டும்.

முதல் வாதம், தன் நலத்துக்கும் வளர்ச்சிக்கும் தானே பொறுப்பு என்பது. இதில் உண்மை இருக்கிறது. மூச்சுப் பயிற்சியோ ஆலோசகருடன் ஓர் உரையாடலோ துவண்டுபோன ஒருவரை மீட்டிருக்கலாம். அந்த உதவியை ஏளனம் செய்வது கொடுமை. தன் பாடத்தில் புதிதாக ஒன்றும் படிக்காத ஆசிரியர், நிர்வாகத்தின் குறைகளைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. கற்றுக்கொண்டே இருக்கும் கடமை அவர் மாணவருக்குப் பட்ட கடன். ஆனால் ஒருவருடைய கடமை மற்றவருடைய கடமையைத் தீர்த்துவிடாது. நவம்பர் மாதத் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தும் முகாம், தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகைக்கான கோப்புகள், சேர்க்கைப் பணி எல்லாம் ஒருவர் தலையில் விழும்போது, நேரத் திட்டமிடலில் அவர் எவ்வளவு தேர்ந்தாலும் நாளுக்கு 24 மணி நேரம்தான்.

இரண்டாம் வாதம், பணம் இல்லை என்பது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நிதி நெருக்கடி கற்பனை அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊதியமும் ஓய்வூதியமும் தாமதமாகி ஊழியர்கள் போராட நேர்ந்ததை அண்மையில் தமிழ்நாடு பார்த்தது. பணத்தட்டுப்பாடு நிர்வாகியின் குற்றம் அல்ல; ஆயினும் இருக்கிற பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பது அவருடைய அறம். ஊதியம் எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கிறவரிடம் மன அமைதியைப் பற்றிப் பேசினால், பேச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காதில் ஏறாது. மேலும், மன அமைதி தரும் பல காரியங்களுக்குச் செலவே கிடையாது. பணி ஒதுக்கீட்டை வெளிப்படையாகச் செய்வது, கூட்ட அறிவிப்பை முன்னாலேயே தருவது, விடுமுறை நாளில் வாட்ஸ்அப்பில் உத்தரவு போடாமல் இருப்பது, பாடத்திட்டக் குழுவில் இளையவர் பேச்சையும் கேட்பது: இவற்றுக்கு மானியம் தேவையில்லை. வைட்ஹால் ஆய்வு சொன்ன முடிவெடுக்கும் உரிமை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாம் வாதம் பண்பாட்டிலிருந்து வருகிறது. ஆசிரியப் பணி அறப்பணி; அதில் பொறுமையும் தியாகமும் வேண்டும் என்பார்கள். நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகக் காட்டியது நன்னூல். பவணந்தி முனிவர் நிலத்தின் பண்புகளில் பொறையைச் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே இடத்தில், பருவத்தே செய்த முயற்சியின் அளவுக்கேற்ப நிலம் பயன் தரும் என்றும் அவர் சொல்லியிருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உழவர் காலத்தில் உழுது உரமிட்டால்தான் நிலம் விளையும். பொறையை மட்டும் எடுத்துக்கொண்டு பேணுதலைக் கைவிடுவது, அந்த இலக்கணத்தில் பாதியைப் படிப்பதாகும். மேலும், அந்தப் பொறுமை மாணவரின் பிழைகளைத் தாங்குவதற்குச் சொல்லப்பட்டது. குறைந்த ஊதியத்தையும் நிச்சயமற்ற நாளையையும் சகித்துக்கொள்ளும்படி வேலை கொடுப்பவர் கேட்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. 2025 ஆகஸ்டில், குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இதே கருத்தைத் தொட்டது. ஆசிரியரைத் தெய்வமாக விழாக்களில் போற்றுவது போதாது, நடத்தும் முறையில் அந்த மதிப்பு தெரிய வேண்டும் என்ற பொருளில் பேசி, உதவிப் பேராசிரியருக்கான ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையை அவர்களுக்கு வழங்கச் சொன்னது.

எல்லாவற்றையும் எடைபோட்டால் கிடைக்கும் முடிவு கடமைகளின் வரிசையைப் பற்றியது. தன்னால் நீக்கக்கூடிய துன்பத்தை நீக்குவது நிறுவனத்தின் முதல் கடமை. நீக்க முடியாததைக் குறைப்பது இரண்டாவது. எஞ்சியதைத் தாங்க உதவுவது மூன்றாவது. முதல் இரண்டையும் தொடாமல் மூன்றாவதிலிருந்து தொடங்கும் நிறுவனம் தன் பிழையின் விலையை ஊழியரின் மனத்திடமிருந்து வசூலிக்கிறது. பயிற்சிக்கும் இதே வரிசை பொருந்தும்: நேரமும் ஊதியமும் பாதுகாப்பும் தந்த பிறகுதான் 'கற்றுக்கொள்' என்று சொல்லும் தகுதி நிறுவனத்துக்கு வருகிறது.

இது நடக்காத கனவு அல்ல. பிரிட்டனில் ஆய்வாளர்களின் பணி வளர்ச்சிக்கான உடன்படிக்கை 2019-இல் திருத்தப்பட்டபோது, ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள்கள் பணி மேம்பாட்டுக்காக ஒதுக்கப்பட வேண்டும் என்று எழுதப்பட்டது. பகுதிநேரத்தவருக்கு அதற்கேற்ற விகிதம். குறுகிய கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். கற்கும் நேரத்தை ஊழியரின் உறக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் எடுக்காமல், வேலை நேரத்துக்குள்ளேயே வைத்ததுதான் அதன் சிறப்பு. யுனெஸ்கோவின் 1997-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் உயர்கல்வி ஆசிரியரின் வளர்ச்சியையும் பணிப் பாதுகாப்பையும் ஒரே ஆவணத்தில்தான் பேசுகிறது.

ஆகவே நலப் பயிலரங்குக்கு அழைப்பிதழ் அச்சிடும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலில் சில கேள்விகளுக்கு வெளிப்படையாக விடை சொல்ல வேண்டும். இங்கே எல்லாருக்கும் ஊதியம் உரிய நாளில் வருகிறதா? கௌரவ விரிவுரையாளரும் ஆய்வக உதவியாளரும் ஊதியத்தை இழக்காமல் பயிற்சிக்கு வர முடிகிறதா? பணிச்சுமையைப் பற்றி ஊழியர் சொன்ன ஒரு குறையாவது கடந்த ஆண்டில் சரிசெய்யப்பட்டதா? 'ஆம்' என்று சொல்ல முடிந்த நிறுவனத்தில் யோகா வகுப்பு மனமுவந்து தரும் பரிசாக இருக்கும். ஊழியர்கள் நன்றியோடு வருவார்கள். சொல்ல முடியாத நிறுவனம் அந்த வகுப்பைத் தள்ளிவைத்து, அதே நேரத்தில் ஊழியர்களை உட்காரவைத்து அவர்கள் குறைகளைக் கேட்கட்டும். நலத்துக்கான உண்மையான முதல் பயிலரங்கு அதுவாகவே இருக்கும். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நிர்வாகிகள்.