அவசரத்துக்கு என்ன ரேட்?

2021 ஏப்ரலில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை விற்றேன். நான்கு வருடம் ஓடிய ஜிடிஎக்ஸ் 1060. 2017இல் புதிதாக வாங்கியபோது 23,000 ரூபாய். விற்றது 27,000 ரூபாய்க்கு. நான்கு வருடம் உழைத்த பொருள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் போவது விசித்திரம்தான். ஆனால் அந்த மாதங்களில் அது சர்வசாதாரணம். நண்பர்கள் எல்லோரும் "செம டீல் மச்சி" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, கொஞ்ச நாளைக்கு.

புது கார்டு ஆசை எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 வெளியானது. என் கணினியில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. வேடிக்கை என்னவென்றால், 1080பி திரைக்கு அந்த கேமைத் தயாரித்தவர்களே பரிந்துரைத்த கார்டு இதே 1060தான். அதாவது என்னிடம் இருப்பதே போதும் என்று செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் யூடியூபில் ரே டிரேசிங் போட்டு ஓட்டிய காட்சிகளைப் பார்த்தேன். மழை பெய்த தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் நியான் பலகைகள் மிதந்தன. என் திரையில் தண்ணீர் சும்மா தண்ணீராகக் கிடந்தது. அதற்கு முந்தின நாள்வரை அது ஒரு குறையாகவே எனக்குத் தெரிந்ததில்லை.

2021 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது. அறிவித்த விலை 329 டாலர். அன்றைய டாலர் மதிப்பு, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் 28,000 ரூபாய் சொச்சம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டபோது 62,000 என்றார்கள்.

காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து கணினி வாங்கியது. சிப் தட்டுப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக எத்தீரியம் மைனிங். மைனிங் செய்பவருக்குக் கார்டு ஒரு விளையாட்டுச் சாமான் அல்ல, மாதாமாதம் வாடகை தரும் வீடு. வாடகை ஏறினால் வீட்டு விலையும் ஏறத்தானே செய்யும்? அந்த மே மாதத்தில் ஒரு ஈத்தர் 4,000 டாலரைத் தாண்டியது. படிக்கிற பையனும் கேம் ஆடுகிற நானும், வாடகைக் கணக்குப் போட்டு வாங்குகிறவரோடு ஒரே வரிசையில் நின்றோம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவசரமா தம்பி?"

"இல்லண்ணே, கேமுக்குத்தான்."

"அப்போ வாங்காதீங்க. இது நிஜ ரேட் இல்ல. காயின் விழுந்தா கார்டும் விழும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, பொறுங்க."

கடையில் அன்று கூட்டமில்லை. என்னிடம் 62,000 இருந்தது அவருக்கும் தெரியும். விற்றிருக்கலாம், விற்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அந்த அறிவுரையை எப்படிப் பயன்படுத்தினேன் என்று கேளுங்கள்: 'விலை விழப்போகிறது என்றால், என்னிடம் இருப்பதை இப்போதே விற்றுவிட வேண்டும்!' ஆபீஸ் லேப்டாப் இருக்கிறது. உச்சத்தில் விற்று, விழுந்ததும் வாங்கினால் லாபம். அன்று ராத்திரியே விளம்பரம் போட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் பேசினான். அனிமேஷன் படிக்கிறான், மூன்றாம் வருடம்.

"என் கார்டு செத்துப்போச்சுண்ணா. மே முதல் வாரம் சப்மிஷன். ரெண்டு நிமிஷப் படம், இன்னும் பாதி ரெண்டர் ஆகல. ரேட் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணா."

"மார்க்கெட் ரேட் இதான் தம்பி."

25,000 உடனே, மிச்சம் 2,000 ஒரு வாரத்தில் என்றான். சொன்ன நாளில் அனுப்பினான். "கார்டு சூப்பர்ணா, தேங்க்ஸ்ணா" என்று ஒரு செய்தியும் வந்தது. அந்த தேங்க்ஸ்தான் என்னை விடவில்லை.

*

கி.மு. 44இல் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவர் வழியிலேயே பார்த்துவிட்டார். ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டுமா, வாயை மூடிக்கொண்டு நல்ல விலைக்கு விற்கலாமா?

இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகளை சிசெரோ இங்கே மோதவிடுகிறார். டயோஜெனிஸ் சொல்கிறார்: பொருளில் குறை இருந்தால் சொல், பொய் சொல்லாதே, அவ்வளவுதான், சொல்லாமலிருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் ஒப்புக்கொள்ளவில்லை: மனிதர்களுக்கு உதவியாக இருக்க வேண்டியவன் நீ, அவர்களுக்குப் பயன்படும் செய்தியை எப்படி ஒளிப்பாய்? சிசெரோ மாணவர் பக்கம் சாய்கிறார்.

முதன்முறை படித்தபோது எனக்கு முகம் சுருங்கியது. கப்பல்கள் வருவதை எனக்கு ரிச்சி ஸ்ட்ரீட்காரர் சொன்னார். வியாபாரம்தான் அவருக்குச் சோறு, ஆனாலும் சொன்னார். சம்பளம் வாங்குகிற நான், அதே செய்தியை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பையனிடம் மௌனமாக இருந்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆன்டிபேட்டர் முழுசாக உதவவில்லை. பையனிடம் சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருடம் விலை குறைவது மே மாத சப்மிஷனுக்கு எதற்கு? அவனால் பொறுக்க முடியாது. என் மௌனம் அவனுக்குப் பெரிய நஷ்டம் எதையும் உண்டாக்கவில்லை என்று வாதாடலாம். நானும் பல ராத்திரி அப்படி வாதாடியிருக்கிறேன்.

அந்த வாதத்தை உடைத்தவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ். அவர் பிரித்துப் பார்க்கும் விதம் எளிமையானது. ஒரு பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்குக் கூடுதல் நஷ்டம் வந்தால், அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அது ரொம்பத் தேவை என்பதற்காக மட்டும் விலையை ஏற்றக் கூடாது. ஏனென்றால் அந்தத் தேவை வாங்குபவருடையது. தன்னுடையதல்லாத ஒன்றை எப்படி விற்க முடியும்?

இதை என் கார்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். நான்கு வருடத் தேய்மானம் கழித்து, கையை விட்டுப் போவதற்காகக் கொஞ்சம் கூட்டினாலும் 13,000, 14,000. 'நானும் திரும்ப வாங்கணும்னா 62,000 ஆகுமே' என்று சொல்ல வழியில்லை. அந்த விலைக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்த பிறகுதானே விற்றேன்? மிச்சம் 13,000 ரூபாய்க்கு நான் விற்றது எது? செத்துப்போன அவனுடைய கார்டு, மே முதல் வாரம், பாதியில் நின்ற இரண்டு நிமிஷப் படம். இவற்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

பொருளாதாரம் படித்த நண்பன் சிரித்தான். "ஏற்ற விலையும் ஒரு வேலை செய்யுதுடா. யாருக்கு ரொம்ப வேணுமோ அவங்க கைக்குப் பொருள் போகும். விலை ஏறினாத்தான் சப்ளையும் கூடும்." தக்காளிக்கு இது சரிப்படலாம். சிப் தொழிற்சாலை கட்டவே வருடங்கள் ஆகும். நான் 27,000 வாங்கியதால் உலகத்தில் ஒரு கார்டுகூட அதிகமாக உற்பத்தியாகவில்லை. 'ரொம்ப வேணும்' என்பதை சந்தை பணப்பையைத் தடவித்தான் அளக்கிறது. நூறு கார்டு அடுக்கி மைனிங் செய்பவர் அந்த அளவுகோலில் பையனைவிட 'ரொம்பத் தேவைப்படுகிறவர்'. 3060 கார்டில் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பூட்டைப் போட்டதாக என்விடியாவே அறிவித்தது. அதே கையோடு, மைனிங்குக்கென்றே தனிக் கார்டுகளையும் அறிவித்தது. வாங்குகிறவர் யார் என்பது முக்கியம் என்று விற்பவர்களுக்கும் தெரியும். அறத்துக்காக அதைக் கவனிப்பது அபூர்வம், அவ்வளவுதான்.

*

அப்படியானால் ஏறிய விலை கொடுத்து வாங்குவது தப்பா? இங்கேதான் அந்தக் கடைக்காரரின் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவசரமா?

பையனுக்கு அவசரம். கையில் வேலை இருந்தது, முடிக்க ஒரு தேதி இருந்தது. அவன் 27,000 கொடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அதே 27,000-ஐ நான் வாங்கியது தப்பு. ஒரே தொகை, கொடுத்த கைக்குச் சரியாகவும் வாங்கிய கைக்குத் தப்பாகவும் இருக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

என் அவசரம் வேறு ரகம். யாரோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய இரண்டு வீடியோக்களிலிருந்து வந்தது. அடுத்தவன் தேவையை நான் விற்கக் கூடாது என்றால், எனக்குள் அடுத்தவன் ஊன்றிய ஆசைக்கு மட்டும் நான் ஏன் இரட்டை விலை கொடுக்க வேண்டும்? இதற்காக ஆசையே கூடாது என்று சாமியார் வேஷம் போடவில்லை. கேம் ஆடுவது நல்ல சந்தோஷம். ஆனால் சந்தோஷத்துக்குப் பொறுக்கத் தெரியும். பொறுக்க விடாமல் பிடுங்குவது வேறு ஏதோ.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியது. கார்டுகளின் விலை அதற்கு முன்பே இறங்க ஆரம்பித்திருந்தது. அந்த வருடக் கடைசியில் அதே ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் 3060 வாங்கினேன், 31,000. வீட்டுக்கு வந்து சைபர்பங்கைப் போட்டு, தண்ணீரில் நியான் மிதப்பதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அதற்கப்புறம் நான் தண்ணீரைக் கவனித்ததாக ஞாபகமில்லை.

இப்போது மறுபடியும் அதே நாடகம். இந்தமுறை ஏஐ டேட்டா சென்டர்கள். மெமரி சிப்புகளை அவை அள்ளிக்கொள்ள, ரேம் விலை ஏறிவிட்டது. கடைகளில் நாம் வாங்கும் க்ரூசியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டிலும் மெமரி இருக்கிறது. புது கார்டுக்கு மாறலாமா என்று நானும் விலை பார்த்தேன், மூடி வைத்தேன். அவசரமில்லை.

போன வாரம் நண்பனின் தம்பி கேட்டான். என்னிடம் சும்மா கிடக்கும் 32 ஜிபி ரேம் அவனுக்கு வேண்டுமாம். எடிட்டிங் வேலை கிடைத்திருக்கிறது, மெஷின் திணறுகிறது. "என்ன ரேட்ணா?"

அன்றைய மார்க்கெட் விலையை டைப் செய்தேன். விரல் அனுப்பும் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அழித்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் நான் கொடுத்த விலையில் பாதியைப் போட்டேன்.

"நிஜமாவாண்ணா?" என்றான்.

பெருமைப்பட இதில் எதுவுமில்லை. கோயம்புத்தூர்ப் பையனின் நம்பர் இப்போது என்னிடம் இல்லை.