சண்டை போட ஓர் ஆள்

திருவொற்றியூர் எல்லையைத் தாண்டும்போதுதான் சுந்தரருக்குக் கண் போயிற்று. மணக்கவிருந்த சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவர், வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைப்பு வந்து ஊரை விட்டுக் கிளம்பினார். இரண்டு கண்ணும் இருண்டன. பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையை வைத்து வடசென்னையிலுள்ள ஒற்றியூர் கோயிலில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. சேவை சத்தியத்தோடு முடிந்துவிடுகிறது. பார்வை போனவர் அப்புறம் எப்படி நடந்தார் என்பதில்தான் எனக்கு அக்கறை.

அழுதுகொண்டு மட்டும் நடக்கவில்லை. வழிநெடுகச் சண்டை போட்டுக்கொண்டே போனார். திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள்ளேதான் இருக்கிறீரா என்று சாமியையே கேட்டார். கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் நின்றபோது பணிவையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டார். நீங்களாவது நன்றாக இருங்கள் என்கிற தோரணையில் இடித்துக் காட்டினார்.

இந்தக் குரல் வடசென்னைக்குப் புதிதல்ல. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும் அம்மா, ராயபுரம் கோயில் வாசலில் நின்று, "இன்னா மாதா, கண்ணு தெர்லியா ஒனக்கு?" என்பார். கேட்டுவிட்டு மெழுகுவர்த்தியும் ஏற்றுவார்.

இதே வடசென்னையில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்து சேர்ந்தது. படகில் கறுப்பு, வலையில் கறுப்பு, அலையாத்தி வேரில் கறுப்பு. அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பழுதான படகுக்கு 10,000. தூக்கம் போனதற்குப் பட்டியலில் இடமில்லை. இதை அரசின் மேல் குறையாகச் சொல்லவில்லை. விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனின் மனசை எந்தத் தாசில்தார் கணக்கெடுப்பது? அந்த வேலைக்குத்தான் நாவல் இருக்கிறது.

தமிழில் அதைச் செய்து காட்டியது எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. கும்பகோணத்துக்காரர், மணிக்கொடி எழுத்தாளர், பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர். நாவலில் நாயகன் மகாலிங்கத்தின் காதுக்குள் ஓயாமல் குரல்கள்: ஆபாசம், ஏளனம், மிரட்டல். அது தாம் பட்ட அவஸ்தைதான் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. 1993-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, குரல்கள் ஓயட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பது. படிக்கும்போது சில இடங்களில் சிரிப்பு வரும். அந்தக் குரல்கள் அவ்வளவு வாயாடிகள். சிரித்த மறுநொடி, சிரித்தது யாருடைய மண்டைக்குள் உட்கார்ந்து என்று உறைக்கும். மகாலிங்கமும் மடங்கிப் போகிறவன் அல்ல. குரல்களோடு மல்லுக்கு நிற்கிறான், தான் கும்பிடும் முருகனிடமும் முறையிடுகிறான்.

கோபிகிருஷ்ணன் வேறு வழியில் போனார். சமூகப் பணி படித்தவர், தாமும் மனநல மருந்துகள் எடுத்துக்கொண்டவர், 2003-ல் இறந்துபோனார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் மனநோயாளிகளைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கி உட்கார்ந்து கேட்கிறார். தீர்ப்பு இல்லை, பாடமும் இல்லை.

துயரத்துக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிட்டால் மனுஷன் எழுந்துவிடுவான் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கண் ஏன் போனது என்று சுந்தரருக்கு முதல் நாளே தெரியும்; சொன்ன சொல் தவறினார். தெரிந்தது அவரை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. திட்டினால் காது கொடுத்துக் கேட்க ஒருவன் இருக்கிறான் என்பதுதான் நடக்க வைத்தது. வாழ்க்கையின் அர்த்தம் என்று நாம் தேடுவது பெரும்பாலும் ஒரு விளக்கத்தை அல்ல, நாம் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாத ஓர் ஆளை. மகாலிங்கத்தின் காதில் அத்தனை கூச்சல் இருந்தும் அவன் பேச்சைக் கேட்க ஆளில்லை. அந்த இடத்தில் நாவல் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

இதனால் கதை மாத்திரைக்கு மாற்று ஆகிவிடாது. வைத்தியத்துக்குப் பதில் கட்டிப்போடும் சங்கிலியை நம்பியதன் விலையை 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் உயிராகக் கொடுத்தார்கள். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஒற்றியூருக்கு ஒன்றும் தூரமில்லை. அந்தப் பேரையே வசவாக்கி வைத்திருப்பதால்தான் பலருக்கு அது எட்டாத தூரத்தில் இருக்கிறது.

வடசென்னை என்றால் சினிமாவில் கத்தி, கானா, குத்துச்சண்டை. போதும், பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியது வேறு. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நைட் ஷிப்ட் முடிந்து, சட்டையில் சாம்பலோடு வந்து படுத்தும் கண் மூடாத ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் மண்டைக்குள் இருநூறு பக்கம். அவன் மனசுக்குள் யாரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருக்கிறான், ஒற்றியூர் வடிவுடையம்மனையா, மேஸ்திரியையா, செத்துப்போன அப்பனையா? எழுதப்போகிறவர் முதலில் அதைக் கண்டுபிடிக்கட்டும். கதைக்கு நோயின் பெயர் அப்புறம் வந்தாலும் போதும்.