பரிவும் உடைமையும்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. மனிதர் செவிசாய்க்க மறுத்தபோது அப்புனிதர் மீன்களுக்குப் போதித்தார் என்பது மரபு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இம்மாவட்டத்தையும் தாக்கிய பின்னர், அம்மரபு நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்புகிறது.

இலங்கையில் 600க்கும் மேற்பட்ட மக்களை அப்புயல் பலிகொண்டது. மலை சரிந்தது, வீடுகள் மண்ணுள் புதைந்தன. இந்நிலையில், முறிந்த மரத்தடியில் கிடக்கும் அணிற்குஞ்சையும் தாயை இழந்த யானைக்கன்றையும் பேணுவது முறையா? மனிதனுக்கே கஞ்சி இல்லாதபோது விலங்குக்குப் பாலா என்று கேட்போர் உண்டு.

கேள்வி நேர்மையானதே; அதன் கணக்குத்தான் பிழை. ஏழைக் குழந்தையின் கஞ்சியை அணில் பறிக்கவில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மலைக்காடுகளை அழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டனர். அதே தோட்ட முறைதான் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தொழிலாளியைச் சரிவிலே லயங்களில் அடைத்தது. விலங்கின் காட்டைப் பறித்த இலாபமே உழைப்பவனுக்கு நிலத்தை மறுத்தது. இரு துயருக்கும் வேர் ஒன்றாயிருக்க, ஒன்றை மற்றதற்குப் பகையாக நிறுத்துவது யாருக்கு நன்மை?

ஆயினும், எல்லாப் பரிவும் பரிவாகாது. குட்டியைக் கண்டதும் கூண்டிலிட்டுப் பசும்பால் புகட்டுகிறோம். பலவேளை அப்பாலே அதைக் கொன்றுவிடுகிறது. தாய்ப்பறவை அருகிலிருக்கும்போதே குஞ்சை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். குட்டி பிழைத்தாலோ, ‘நம்முடையது’ என்கிறோம். அங்கே அன்பு உடைமையாகிவிடுகிறது.

இதற்கு மாறான வழியும் நம் நாட்டிலேயே உண்டு. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1995இல் உடவளவையில் யானைகள் இடைத்தங்கல் நிலையத்தை அமைத்தது. அநாதைக் கன்றுகளுக்கு அங்கே சில மணிநேரத்துக்கு ஒருமுறை பாலூட்டுகின்றனர். ஆனால், பார்வையாளர் தொலைவில் நின்றே காணலாம். தொட்டுக் கொஞ்சுதல் கூடாது. மனிதனிடம் ஒட்டிக்கொண்ட கன்று காட்டில் வாழாது என்பதே காரணம். வளர்ந்த பின் அவற்றைக் கூட்டமாகக் காட்டில் விடுகின்றனர். இவ்வாறு 100க்கும் மேற்பட்டவை திரும்பியுள்ளன. பேணியவனுக்கு அங்கே மிஞ்சுவது பிரிவு மட்டுமே. அப்பிரிவே அவனுடைய வெற்றி.

பரிவின் உரைகல் இதுவே: காக்கப்பட்ட உயிர் நம்மையே சார்ந்து நிற்கிறதா, தன் காலில் நிற்கிறதா? மனிதனை விலங்கோடு நாம் ஒப்பிடவில்லை. பரிவையே பரிவோடு ஒப்பிடுகிறோம். புயலுக்குப் பின் அரிசிப் பொதி தந்து படம் பிடித்துக்கொண்டு, பாதுகாப்பான காணியைத் தர மறுக்கும் உதவியும் கூண்டுப் பாலையே ஒத்தது. கன்றுக்குக் காடு வேண்டும். தொழிலாளிக்குத் தன் பெயரில் நிலம் வேண்டும்.

மீன்களுக்குப் போதித்த அந்தோனியார் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டதாக மரபு கூறவில்லை. போதனை முடிந்ததும் அவை கடலுக்கே திரும்பின.